ஓடும் பெண்ணின் உடம்பைப் பேசாதீர்கள்

சித்தன்னவாசல் அறிவர் கோயிலில் தாமரைக் குளத்து ஓவியத்தை அண்ணாந்து பார்க்கிறோம். சுவரில் பெயர் கிறுக்குகிறவனைத் திட்டுகிறோம். நியாயமான கோபம்தான். இதே புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சிப் பெண்ணின் மேல் நாடே கிறுக்கியபோது அந்தக் கோபம் எங்கே போயிருந்தது?

செங்கல் சூளைக் கூலிகளின் மகள் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரில், தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். பிறகு பாலினச் சோதனை, பதக்கம் பறிபோனது. ஒருவரின் அந்தரங்க மருத்துவ விவரம் தொலைக்காட்சிச் செய்தியானது. ஊக்கமருந்து இல்லை, மோசடி இல்லை. பிறந்த உடம்போடு ஓடியதுதான் குற்றம்! உயிரையே வெறுக்கும் நிலைக்கு அவரைத் தள்ளினோம். தமிழக அரசு தந்த 15 லட்சம் ரூபாயிலிருந்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்தவர், கடைசியில் தானே சூளைக்குக் கூலி வேலைக்குப் போனார். பயிற்சியாளராக நிரந்தர அரசு வேலை கிடைத்தது 2016இல்தான்.

2009இல் அதே 800 மீட்டரில் காஸ்டர் செமென்யாவுக்கும் இதே சோதனை வந்தது. தென்னாப்பிரிக்கா தன் மகளை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் ஒலிம்பிக் தங்கம்வரை போனார். 2014இல் ஒடிசாவின் ஓட்டக்காரர் துத்தி சந்த் இதேபோன்ற சோதனையால் வந்த தடையை எதிர்த்து வழக்காடினார், 2015இல் வென்றார், 2018 ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளியோடு திரும்பினார். சாந்திக்கு மட்டும் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை. திறமையில் குறைவில்லை, குறைந்தது நம் நெஞ்சுரம்.

அன்னவாசல் வட்டாரத்துப் பெற்றோரே, பி.டி. வாத்தியார்களே, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களே, இப்போதே நிறுத்துங்கள். மார்பு இல்லை, மீசை அரும்புகிறது, குரல் கட்டை என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே மைதானத்தை விட்டுப் போனவர்கள் உண்டு. அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. செய்தியாளர்களே, மருத்துவ அறிக்கை கையில் கிடைத்தால் அது உங்களுடையதாகிவிடாது. தடகளச் சங்கப் பொறுப்பாளர்களே, ஒரு வீராங்கனையைச் சோதனைக்கு அனுப்பும் முன் அது எதற்கென்று அவள் மொழியில் விளக்குங்கள். வழக்கறிஞரும் மருத்துவரும் உடன் இருக்கட்டும். முடிவு எதுவானாலும் அதை முதலில் கேட்க வேண்டியவள் அவள்தான்.

சாந்தியின் வெள்ளி இன்னும் திரும்பவில்லை. அதைக் கேளுங்கள். ஊராட்சிக் கூட்டத்தில் கேளுங்கள், சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள்.