பந்தில்லாத கர்ரி

பாயின்ட் கார்டு என்றால் பந்து அவர் கையில்தான் இருக்க வேண்டும் என்பது கூடைப்பந்தின் பழைய வழக்கம். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் பாயின்ட் கார்டு ஸ்டீபன் கர்ரியைப் பற்றிய விவாதம் அங்கேதான் தொடங்குகிறது. 2014இல் பயிற்சியாளராக வந்த ஸ்டீவ் கெர், பந்தை அடிக்கடி அணித் தோழர் டிரேமண்ட் கிரீனிடம் கொடுக்கச் செய்து, கர்ரியை ஓடவிட்டார். சக வீரர்களை மறைப்பாக்கி அவர் சுற்றிச் சுற்றி ஓட, எதிரணியில் இருவர் பதறிப்போய்ப் பின்னால் ஓடுவார்கள். கூடைக்கு அடியில் இன்னொருவருக்கு வழி திறந்துவிடும். 2015-16 சீசனில் அவர் போட்ட மூன்று புள்ளிக் கூடைகள் 402! பந்தை அவரிடமே விட்டிருந்தால் இன்னும் கூடியிருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களைப் பொறுத்தவரை நானும் அவர்கள் பக்கம்தான். மற்ற நேரமெல்லாம், பந்து யார் கையில் இருந்தாலும் என் கண் கர்ரியின் கால்களையே தேடுகிறது.