இடம் கொடுப்பதும் வழி விடுவதும்

நிலத்தடியில் இருக்கும் நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் நில உரிமையாளருக்குத் தருகிறது. அதற்கு ஒரே வரம்பு, அந்த நீர் வரையறுத்த வாய்க்காலில் ஓடுவதாக இருக்கக் கூடாது என்பதுதான். கசிந்து ஊறும் நீர் எடுப்பவருக்கே சொந்தம். சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை ஆலையின் போர்வெல்லும் மீஞ்சூர் விவசாயியின் பம்புசெட்டும் இன்றும் பெரும்பாலும் இந்த எண்ணத்தை நம்பித்தான் ஓடுகின்றன. மண் என்னுடையது, ஆகவே அதற்கு அடியில் இருப்பதும் என்னுடையது. இது அறத்துக்கு ஒத்து வருமா என்று கேட்டால், கல்லையும் மணலையும்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

சுண்ணாம்புக்கல்லில் பலவகை உண்டு. சீமைச்சுண்ணாம்பு போன்ற ஒன்றில் மொத்தப் பருமனில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோகூட வெற்றிடமாக இருக்கும். ஆனால் துளைகளை இணைக்கும் கழுத்துகள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறுகலானவை. நீர் உள்ளே இருந்தும் எளிதில் நகராது. இன்னொரு கல்லில் பெரிய பொந்துகள் இருக்கும், ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்காது. மூன்றாவது, பார்வைக்குக் கெட்டியான கல். அதில் ஒரு விரிசல். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் அந்த விரிசலை ஆண்டாண்டு காலமாக அரித்து அகலமாக்கியிருக்கும். தண்ணீர் பாய்வது இங்கேதான். ஒரு குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்தில் அதன் வழியே சீராகச் செல்லும் நீர் பதினாறு மடங்காகும். கல்லுக்குள் எவ்வளவு வெறுமை என்பதைவிட, வெறுமைகள் எப்படிக் கோத்துக்கொண்டிருக்கின்றன என்பதே முக்கியம்.

சமண தத்துவம் இடம், வழி என்ற இந்த இரண்டையும் வெகு காலத்துக்கு முன்பே பிரித்துவைத்தது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் ஆகாயம் ஒரு திரவியம், அதன் வேலை மற்றவற்றுக்கு இடம் கொடுப்பது. நகர்வதற்குத் துணையாக நிற்பது தருமம் என்ற வேறொரு திரவியம். அது தானாக எதையும் தள்ளாது, நகர்கிற பொருளுக்கு உதவும். புழலில் சமண ஆதிநாதர் கோயிலைக் கொண்ட இந்த வட்டாரத்தில் இதை நினைத்துப் பார்ப்பது பொருத்தம்தான். சமண ஆசிரியர்கள் பாறையைப் பற்றிப் பேசவில்லை. ஆனாலும் இடம் வேறு, வழி வேறு என்ற அவர்களுடைய பிரிவு, நிலத்தடி நீர்ச் சிக்கலின் மையத்தைத் தொடுகிறது. சட்டம் உரிமையாளருக்கு எழுதிக் கொடுப்பது இடத்தை. நீர் வரும் வழியோ அவருடைய பட்டாவில் அடங்குவதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதற்குத் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத அந்தச் சுண்ணாம்புக்கல் தரையில் வாழ்க்கையே கிணற்றை நம்பித்தான். ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் செய்ய மக்கள் கூடும் கீரிமலைக் கேணிக்குக் கடலோரத்திலேயே நன்னீர் ஊறி வருகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுற்றுவட்டக் கிணறுகளில் கலந்தபோது, தன் காணிக்குள் நடந்தது தன்னோடு முடியும் என்று யாராலும் வாதாட முடியவில்லை. வாளியில் எண்ணெய் மிதந்தது. 2019-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் இருப்பது, ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து போட்ட மணலும் களிமண்ணும். இங்கே நீர் மணல் மணிகளுக்கு இடையில் ஊர்ந்து போகிறது. மணலி ஆலைகளுக்கும் சென்னையின் குடிநீருக்கும் இங்கிருந்து பல பத்தாண்டுகள் இறைத்தார்கள். கடலோர மண்ணில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அடியில் உப்பின் எல்லை ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறக்கூடும் என்பது கணக்கு. 1960-களின் இறுதியில் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை வந்திருந்த உப்பு, 1980-களில் 9 கிலோமீட்டரை எட்டியது. நெல் விளைந்த இடத்தில் கிணறு கரிக்கத் தொடங்கினால் அந்த விவசாயி யாரிடம் போய் முறையிடுவார்? இறைத்தவர்கள் ஒருவர் இல்லை, பலர். இறைத்த நாளுக்கும் உப்பு வந்த நாளுக்கும் நடுவே ஒரு தலைமுறையே கடந்திருக்கலாம். அந்த விவசாயியும் இறைத்தவர்தான்.

சுன்னாகத்தில் குற்றம் தெரிந்ததற்கும் மீஞ்சூரில் தெரியாமல் போனதற்கும் காரணம் மனிதர்களின் நல்லெண்ணத்தில் இல்லை. நீர் போகும் வேகமும் அதில் கலந்த பொருளும்தான் வேறு. தீங்கு மெதுவாகப் போய்ச் சேருவதால் பொறுப்பு குறைகிறதா? குறையாது என்பதே நேர்மையான பதில். விரிசல் வழியே மறுநாளே அண்டை வீட்டுக்கு எட்டும் கேட்டைக் குற்றம் என்போம். அதே கேடு மணல் வழியே முப்பது ஆண்டில் எட்டினால் அதை விதி என்று பெயர் மாற்றுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. விளைவை முன்கூட்டியே கணிக்க இன்று முடியும் என்னும்போது, ‘தெரியாது’ என்ற பழைய தப்பித்தலும் செல்லாது.

இந்தப் பொறுப்பைத் தமிழ்நாடு சட்டத்தில் ஒப்புக்கொண்டதுண்டு. சென்னைப் பெருநகரப் பகுதிக்கென்று 1987-இல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்குமாக 2003-இல் இயற்றிய சட்டம், 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. புதிதாக ஒன்று எழுதப்பட்டால், போர் போட அனுமதி கேட்பவரின் சர்வே எண்ணோடு, அந்த நீர் எந்தத் திசையிலிருந்து வருகிறது, எந்தக் கிணறுகளைத் தொட்டு வருகிறது, அவற்றின் உப்பு இப்போது எவ்வளவு என்பதும் அதே கோப்பில் இருக்க வேண்டும். அந்தக் கிணற்றுக்காரர்களுக்கு அனுமதிக்கு முன்பே நோட்டீஸ் போக வேண்டும்.