வான்வழி வந்த வைத்தியமும் நிய்யத்தும்

சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் கோடானுகோடிப் பணத்தைக் கொட்டி ராக்கெட் விடுகிறார்களே, அந்தப் பணத்தில் எத்தனை ஏழைகளின் பசியை ஆற்றலாம், எத்தனை நோயாளிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்பவர்கள் நம்மில் அநேகர். விண்வெளி ஆராய்ச்சியை ஆதரிப்போர் இதற்கு வழக்கமாகச் சொல்லும் மறுமொழி ஒன்றுண்டு. ராக்கெட்டுக்காகச் செய்த ஆராய்ச்சியிலிருந்தே வைத்தியத்துக்குப் பல புதுக் கருவிகள் கிடைத்தன. ஆகவே செலவழித்த பணம் வீண் போகவில்லை என்பதே அது. இம்மறுமொழி நேரானதுதானா? வர்த்தகர்களாகிய நாம் பற்று வரவு எழுதிப் பழகியவர்கள். இந்தப் பேரேட்டையும் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

வரவுப் பக்கத்தில் மெய்யான வரவு இருக்கவே செய்கிறது. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஹூஸ்டன் நிலையத்தில் டேவிட் சாசியர் என்றொரு என்ஜினீயர் இருந்தார். அவருடைய இருதயம் பழுதுபட்டுப் போகவே, 1984-ஆம் ஆண்டில் டாக்டர் மைக்கேல் டிபேக்கி என்னும் பேர்பெற்ற நிபுணர் மாற்று இருதயம் பொருத்தி அவரைப் பிழைக்க வைத்தார். பிழைத்தவர் வேலைக்குத் திரும்பினார். மாற்று இருதயத்துக்காகக் காத்திருப்பது என்ன என்பதைத் தம் உடம்பிலேயே அறிந்தவர் அவர். அதுவரை நோயாளியின் உயிரைத் தாங்க ஒரு சின்னஞ்சிறு பம்பு செய்ய முடியாதா என்று, தம்மைக் காப்பாற்றிய டாக்டருடனும் தம்மோடு வேலை செய்த என்ஜினீயர்களுடனும் கூடி முயன்றார். பம்பு உருவாயிற்று. 3 அங்குல நீளம், 1 அங்குலக் கனம், எடை 4 அவுன்சுக்கும் குறைவு. ஆனால் அது சுழலும் வேகத்தில் இரத்த அணுக்கள் உரசிச் சிதைந்தன. ஓட்டம் தேங்கிய இடங்களில் இரத்தம் உறைந்தது. விண்கலத்தின் என்ஜினுக்குள் எரிபொருள் எப்படிப் பாய்கிறது என்று கணினியில் கணித்துப் பார்த்த கலிபோர்னியா நிபுணர்கள் அதே முறையில் இரத்தத்தின் பாய்ச்சலையும் கணித்து, எங்கே வளைவை மாற்ற வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார்கள். 1998-இல் ஐரோப்பாவில் முதன்முதலாக ஒரு மனிதரின் மார்புக்குள் அந்தப் பம்பு வைக்கப்பட்டது. அதன் பின் வேறு பல பம்புகளும் வந்துவிட்டன. ஓர் உயிரை வாழவைப்பதை மனித குலம் முழுவதையும் வாழவைத்ததற்கு ஒப்பாகக் கருதும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம் இதை அற்பமாக எண்ணலாகாது.

ஆனால் வரவென்று எழுதியவை அனைத்தும் வரவல்ல. ஒட்டாத சட்டியில் பூசும் டெப்லான் ராக்கெட் தந்தது என்பார்கள். அது கண்டுபிடிக்கப்பட்டது 1938-இல். நாசா பிறந்ததோ 1958-இல். உடம்பைக் குறுக்கு வெட்டாகப் படம் பிடிக்கும் சி.டி. ஸ்கேனையும் அந்தக் கணக்கிலேயே சேர்ப்பார்கள். 1971-இல் முதல் நோயாளியைப் படம் பிடித்த அக்கருவியைச் செய்தது இங்கிலாந்தில் இசைத்தட்டு விற்றுப் பேரெடுத்த இ.எம்.ஐ. கம்பெனி! சந்திரனின் படங்களைத் தெளிவாக்கக் கண்ட முறைகள் பிற்பாடு எக்ஸ்ரே படங்களைத் தெளிவாக்க உதவின என்பது உண்மை. உள்ளதைச் சொன்னாலே போதுமானதாக இருக்க, இல்லாததை ஏன் சேர்க்க வேண்டும்? சரக்கில் நம்பிக்கை குறைந்தவன்தான் அதிகமாகக் கூவுவான்.

இதைவிட ஆழமான தடை ஒன்றுண்டு. செக்கில் தேங்காய் ஆட்டினால் எண்ணெயோடு புண்ணாக்கும் கிடைக்கிறது. புண்ணாக்குக்கு விலை உண்டு, மாடும் தின்கிறது. ஆனால் புண்ணாக்குக்காகச் செக்கு வைத்தேன் என்று எவனாவது சொன்னால் கடைத்தெரு சிரிக்காதா? இருதயப் பம்புதான் வேண்டுமென்றால் அதற்கே பணத்தை ஒதுக்கலாமே, சந்திரனைச் சுற்றிக்கொண்டு ஏன் வர வேண்டும்?

ஏறக்குறைய இதே கேள்வியை 1970-இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டில் தொண்டு செய்துகொண்டிருந்த மேரி ஜுகுண்டா என்னும் கிறிஸ்தவக் கன்னிகாஸ்திரி, நாசாவில் உயர் பதவியிலிருந்த எர்ன்ஸ்ட் ஸ்டூலிங்கர் என்னும் விஞ்ஞானிக்குக் கடிதமாக எழுதிக் கேட்டார். குழந்தைகள் பட்டினியால் மடியும்போது செவ்வாய்ப் பயணத்துக்கு இத்தனை பணமா என்று. ஸ்டூலிங்கர் கோபிக்காமல் நீண்ட பதில் எழுதினார். அதில் ஒரு கதை சொன்னார். முற்காலத்தில் ஜெர்மானிய ஊரொன்றில் தர்மசீலரான ஒரு பிரபு இருந்தாராம். கண்ணாடி தேய்த்து வில்லை செய்யும் ஒருவனையும் அவர் ஆதரித்து வந்தார். ஊரில் கொள்ளைநோய் பரவியிருக்க இந்த வீண் வேலைக்குப் பணமா என்று ஜனங்கள் முறையிட்டார்கள். ஏழைகளுக்கும் கொடுப்பேன், இவனையும் விடமாட்டேன் என்றார் பிரபு. அந்த வேலையிலிருந்து பிற்காலத்தில் பூதக்கண்ணாடி வளர்ந்தது. அதைக் கொண்டே நோய்க்கிருமிகள் அறியப்பட்டன.

நல்ல பதில்தான். எனினும் அதில் ஓர் இடைவெளி இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. வில்லை தானாகக் கிருமியைக் காணவில்லை. ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் லீவன்ஹூக் என்றொரு ஜவுளி வியாபாரி இருந்தார். (நம் அன்பர்களில் துணிக்கடைக்காரர்கள் மகிழலாம்.) அக்காலத்து ஜவுளி வியாபாரிகள் நெசவின் இழையைச் சோதிக்கத்தான் வில்லையைப் பயன்படுத்தினார்கள். அவரோ 1670-களில் அதைத் துணியிலிருந்து திருப்பித் தண்ணீர்த் துளியின் மேல் வைத்தார். அதற்குள் நெளியும் நுண்ணுயிர்களைக் கண்டார். வில்லைக்கும் கிருமிக்கும் இடையில் ஒரு மனிதனின் நாட்டம் நின்றது. அப்படியே, ராக்கெட் பம்பு ராக்கெட் பம்பாகவேதான் இருந்திருக்கும். மரணத்தின் வாசலைக் கண்டு திரும்பிய ஒருவர் புதிதாக ஒரு நிய்யத்துக் கொள்ளாதிருந்தால்.

மதரஸாவில் நாம் ஆரம்பத்திலேயே மனனம் செய்யும் ஹதீதுகளில் ஒன்று நிய்யத்தைப் பற்றியது. இமாம் புகாரி அவர்கள் தம் தொகுப்பின் முதலிலேயே அதை வைத்தார்கள். ஒரே ஹிஜ்ரத்து, ஒரே பாதை. அல்லாஹ்வுக்காகவும் ரசூலுக்காகவும் போனவனுக்கு ஒரு கணக்கு, உலக லாபத்துக்காகப் போனவனுக்கு வேறு கணக்கு. இரண்டு வல்லரசுகள் ஒன்றையொன்று முந்தச் சந்திரனை நோக்கி ஓடியது ஒரு நிய்யத்து. அங்கே கற்ற வித்தையை நோயாளியின் பக்கம் திருப்பியது வேறொரு நிய்யத்து. பின்னதன் நன்மையை எடுத்து முன்னதன் பெயரில் வரவு வைப்பதுதான் நாம் ஆட்சேபிக்கும் கணக்கு. அதற்காக ராக்கெட்டே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அறிவு எந்தத் தெருவில் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. நேரே தேடினால் கிடைக்காதது சுற்றிவரக் கிடைப்பதும் உண்டு.

கணக்கைக் கலப்பது எத்தனை ஆபத்து என்பதற்கு இத்துறையின் ஆரம்பமே சாட்சி. விண்வெளி மருத்துவத்தின் தந்தை என்று அமெரிக்காவில் கொண்டாடப்பட்டவர் ஹூபெர்டஸ் ஸ்ட்ரூகோல்ட். யுத்த காலத்தில் ஜெர்மன் விமானப்படையின் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராயிருந்தவர். 1942-இல் தாகாவ் சிறைமுகாமில் கைதிகளைக் காற்றழுத்தம் குறைந்த அறையில் அடைத்தும் உறைபனித் தண்ணீரில் அமிழ்த்தியும் சோதனைகள் செய்தார்கள், பலர் மாண்டார்கள். அவ்வாண்டே நியூரம்பர்க்கில் நடந்த மாநாட்டில் குளிர்ச் சோதனைகளின் முடிவுகள் படிக்கப்பட்டபோது ஸ்ட்ரூகோல்டும் அங்கே இருந்தார். அவர் பெயரால் வழங்கப்பட்டு வந்த பரிசை விண்வெளி மருத்துவச் சங்கம் 2013-இல்தான் நிறுத்தியது. வட்டிப் பணத்தில் வெட்டிய கிணற்றுத் தண்ணீரைத் தாகித்தவன் குடிக்கலாமா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். குடித்தான் என்பதற்காக வட்டி ஹலாலாகிவிடாது என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

நம் மலேசிய நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. எலும்பு வைத்தியரான டாக்டர் ஷேக் முஸாபர் 2007 அக்டோபர் 10-இல், ரமலான் மாதத்தில், ரஷ்ய ராக்கெட்டில் ஏறி விண்வெளி நிலையம் சென்றார். அங்கே உயிரணுக்களையும் கிருமிகளையும் கொண்டு சோதனைகள் செய்தார். தொழுகையையும் நோன்பையும் அங்கே எப்படி நிறைவேற்றுவது என்று நம் உலமாக்கள் வழிகாட்டியும் கொடுத்தார்கள். அந்த இடம் கிடைத்ததோ, அரசாங்கம் ரஷ்யாவிடம் 18 போர் விமானங்கள் வாங்கிய பேரத்தின் ஒரு பகுதியாக. சோதனைக் குழாயைக் கையில் பிடித்த வைத்தியரின் நிய்யத்து ஒன்று. விமானம் விற்றவனின் நிய்யத்து இன்னொன்று.

இவையெல்லாம் தூரத்து விஷயம், சில்லறைக் கடைக்காரனுக்கு இதில் என்ன என்று அன்பர்கள் கேட்கலாம். நம் கடை அலமாரியிலேயே இது இருக்கிறது. நீண்ட விண்பயணத்தில் மனிதனுக்கு உணவும் பிராணவாயுவும் தர நுண்பாசியை வளர்க்கலாமா என்று நாசாவின் ஆதரவில் ஆராய்ந்தவர்கள், 1985-இல் மார்டெக் என்ற கம்பெனியை ஏற்படுத்தினார்கள். பாசியிலிருந்து டி.எச்.ஏ. என்னும் கொழுப்புச் சத்தை அவர்கள் எடுத்தார்கள். மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய சத்து அது. 2002 முதல் அமெரிக்காவில் குழந்தைப் பாலில் சேர்க்கப்பட்டு, இன்று நாம் விற்கும் பால்மாவு டப்பாக்கள் பலவற்றின் முகப்பில் அந்த மூன்றெழுத்து பெரிதாக நிற்கிறது. அச்சத்து தாய்ப்பாலிலேயே இயற்கையாக இருக்கிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பால்மாவில் அதைச் சேர்ப்பதால் உறுதியான நன்மை உண்டென்று ஆராய்ச்சிகள் ஒருமித்துச் சொல்லவுமில்லை.

அன்றாடம் கூலி வாங்கும் வீட்டுப் பெண்ணொருத்தி கைக்குழந்தையோடு வந்து, விலை கூடிய அந்த டப்பாவைக் காட்டி, இதைக் கொடுத்தால்தான் பிள்ளைக்கு அறிவு வளருமா என்று கேட்கிறாள். விண்வெளியில் தொடங்கிய கணக்கு நம் கல்லாவுக்கு வந்து நிற்பது அப்போதுதான். ஆம் என்று தலையசைத்தால் டப்பா விற்கும். தாய்ப்பால் கொடுக்கிறாயா அம்மா, அதிலேயே இது இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் விற்காமல் போகலாம். சொன்ன பிறகும் அவள் கேட்டால் எடுத்துக் கொடுப்போம்.