அடுத்த மழைக்கு முன் உங்கள் மகளை வெளியே விடுங்கள்

மே மாதம் முடியும்போது தென்மேல் பருவமழை அட்டன், நோர்வூட், மஸ்கெலியா மலைகளில் இறங்கிவிடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அறுத்துப்போட்ட சரிவுகள் இன்னும் ஆறவில்லை. அந்தப் புயலில் நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் வீடும் ஆளுமாக மண்ணுக்குள் போன இடங்கள் உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டு தோட்டத்துப் பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் 13 வயது கடந்த பெண்பிள்ளை இருந்தால், வாரத்தில் இரண்டு மணி நேரம் அவளைப் பொதுக்காரியத்துக்கு விடுங்கள். விட்டால் மட்டும் போதாது. அவள் பயமில்லாமல் போய்வர வழியும் செய்துகொடுங்கள்.

"சமைஞ்ச புள்ளைய வெளிய தெருவ விடமுடியுமா?" என்று கேட்பீர்கள். அந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில், ஞாயிற்றுக்கிழமை உங்கள் டிவிசனில் நடப்பதைப் பாருங்கள். பொடியன்கள் கிரவுண்டில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் விளையாட்டுக் கழகம் இருக்கிறது. கோயில் திருவிழாக் கமிட்டியில் அவர்களுக்கு இடம் இருக்கிறது. பெண்பிள்ளை பீலியடியில் தண்ணீருக்கு நிற்கிறாள், வாரத்து உடுப்பெல்லாம் துவைக்கிறாள், தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்கிறாள். தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் இளைஞர் கழகத்தில் 13 வயதிலேயே அவள் அங்கத்தவராகலாம். உங்கள் கழகத்துப் பெயர்ப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், அவள் பெயர் அதில் இருக்கிறதா என்று.

அவளைப் பொதுவில் கூப்பிடும் நாள் ஒன்று உண்டு. மந்திரி வரும் நாள். பாவாடை தாவணி கட்டி, கையில் ஆரத்தித் தட்டைக் கொடுத்து, வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைக்கிறோம். வந்தவர் கழுத்தில் மாலை விழுந்ததும் அவளை அனுப்பிவிட்டு ஆண்கள் உள்ளே போய்ப் பேசுகிறார்கள். இதைத் தொண்டு என்று சொல்லாதீர்கள். கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதும், கோப்பை கழுவுவதும் தொண்டு அல்ல. வீட்டில் சம்பளமில்லாமல் செய்கிற வேலையை அங்கேயும் செய்கிறாள், அவ்வளவுதான். தலைவர்மாரே, அதிபர்மாரே, பிள்ளைகளை வரவேற்பு வரிசையில் நிறுத்துவதை இன்றோடு விடுங்கள்.

அவர்களுக்கு உண்மையான வேலை காத்திருக்கிறது. முதல் வேலை மழையை அளப்பது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கு எளிது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் விழிப்பாக இருக்கவேண்டும். 100 தாண்டினால் புறப்பட ஆயத்தம். 150 தாண்டினால் சரிவான இடத்தை விட்டு வெளியேறவேண்டும். இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஓரம் நேராக இருக்கும் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்து வாயிலே சொருகினால் புனல் ஆயிற்று. பக்கத்தில் அடிமட்டத்தை ஒட்டி, பூச்சியம் வரை தண்ணீர் ஊற்றி, கூரைத் தண்ணீரோ மரத் தண்ணீரோ விழாத வெட்டவெளியில் அசையாமல் வைக்கவேண்டும். காலையில் அம்மா பிரட்டுக்குப் போகும் நேரத்தில் பிள்ளை குனிந்து பார்த்து, திகதியும் அளவும் கொப்பியில் எழுதி, மறுபடி பூச்சியத்துக்குக் கொண்டுவருவாள். இரண்டு நிமிட வேலை. அந்தக் கொப்பி நூறு குடும்பத்தின் உயிரைக் காக்கும்.

மழையோடு மலையின் அடையாளங்களையும் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தரையிலோ லயத்துச் சுவரிலோ புதுசாக வெடிப்பு விழுவது, கரண்டுக் கம்பம் சாய்வது, நேற்றுவரை நன்றாக மூடிய கதவு இன்று இறுகிப்போவது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது. கண்டதும் அவள் சரிவுக்குக் கிட்டப் போய்ப் பார்க்கக்கூடாது. பெரியவர்களிடம் சொல்லவேண்டும், 117 க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் சொல்லவேண்டும். சனத்தைக் கிளப்பும் பொறுப்பு பெரியவர்களுடையது. ஆனால் நடக்கமுடியாத தாத்தா எந்தக் காம்பராவில் இருக்கிறார், கைப்பிள்ளைக்காரி எங்கே இருக்கிறாள் என்ற பட்டியல் அவளிடம் இருந்தால் யாரும் விடுபடமாட்டார்கள்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியதை நாம் மறந்துவிடக்கூடாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். திரும்பிவந்தபோது பலருக்கு வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 லும் 2011 லும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. அதைக் கையில் எடுத்து ஒவ்வொரு வாசலாகப் போய், "இதுக்கு என்ன முடிவு?" என்று கேட்டுக்கொண்டே இருக்க ஒரு குழு இல்லை. தொடர்ந்து கேட்கும் பிடிவாதம் இந்த வயதுப் பிள்ளைகளிடம் இருக்கிறது. அதை வீட்டுக்குள் வீணாக்குகிறோம்.

இரண்டாவது வேலை காகித வேலை. 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆனது. ஆனாலும் நம் லயத்துக்குச் சிங்களத்தில் கடிதம் வருகிறது. ஓய்வு பெற்ற பாட்டி அதை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைக்கிறாள். யாராவது வாசித்துச் சொல்லும்போது கடைசித் திகதி போய்விடுகிறது. பிறப்புச் சான்றிதழில் ராமாயி, அடையாள அட்டையில் ராமாய், செக்ரோலில் ராமி என்று இருந்தால், முப்பது வருடம் கொழுந்து பறித்த காசு ஒரு எழுத்தில் மாட்டிக்கொள்ளும். பாடசாலையில் சிங்களம் இரண்டாம் மொழியாகப் படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கடிதம் பெரிய காரியமில்லை. ஞாயிறு காலை முன்பள்ளித் திண்ணையில் ஒரு மேசை போடுங்கள். இரண்டு பிள்ளைகள், பக்கத்தில் ஒரு டீச்சர். கடிதத்தை வாசிக்கட்டும், பாரம் நிரப்பட்டும், மூன்று காகிதத்திலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கட்டும், எந்த அலுவலகத்துக்கு எதைக் கொண்டுபோவது என்று எழுதிக்கொடுக்கட்டும். 1948 இல் குடியுரிமையை இழந்து, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதற்காகக் காத்திருந்த சனம் நாம். காகிதம் இல்லாத பாடு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிள்ளைகளே, இந்த மேசையில் உட்காரும்போது ஒரு கட்டுப்பாடு உங்களுக்கு உண்டு. ஒரு வீட்டுக் காகிதத்தில் பார்த்ததை அடுத்த காம்பராவில் சொல்லாதீர்கள். யாருக்கு எவ்வளவு பணம் வந்தது, யாருடைய பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இல்லை என்பதெல்லாம் உங்கள் நாக்கில் வரவே கூடாது. ஒருதரம் வெளியே போனால் பிறகு அந்த மேசைக்கு எவரும் வரமாட்டார்கள்.

முதலுதவியும் பழகவேண்டும். குளவிக் கொட்டுக்கு ஆளாகாத மலை இல்லை. கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத் திணறினால், முகமும் தொண்டையும் வீங்கினால், கைமருந்தில் நேரம் போக்காமல் 1990 க்கு அழைக்கவேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஆனால் நம் தோட்டத்துக்கு வழி சொல்லத் தெரியாமல் எத்தனை அழைப்புகள் தடுமாறுகின்றன! தோட்டம், டிவிசன், லயன் இலக்கம், கிட்ட இருக்கும் சந்தி, அம்புலன்ஸ் ஏறக்கூடிய ரோட்டு எது என்று ஒரு அட்டையில் மூன்று மொழியிலும் எழுதி ஒவ்வொரு லயத்திலும் ஒட்டுவதைப் பிள்ளைகள் ஒரே நாளில் செய்துமுடிப்பார்கள். செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் முதலுதவி பழக்குகின்றன. அதிபர் ஒரு கடிதம் எழுதினால் போதும்.

இனி அந்தப் பயத்துக்கு வருகிறேன். பயம் நியாயமானது. ஆகவே பிள்ளையைப் பூட்டிவைக்காமல் ஒழுங்குகளைப் போடுங்கள். வளர்ந்த பெண்கள் இருவர் கூட இல்லாமல் எந்த வேலையும் நடக்கக்கூடாது. பிள்ளைக் காம்பரா அம்மாவும் ஒரு டீச்சரும் போதும். எந்தப் பிள்ளையும் தனியாக ஒரு வீட்டுக்குள் போகவேண்டாம், இருவராகப் போகட்டும். மாலை நான்கு மணிக்கு எல்லோரும் வீட்டில் இருக்கவேண்டும். கழகத் தலைவர் ஆனாலும் சேர் ஆனாலும் ஆண்கள் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகப் போனில் செய்தி அனுப்பக்கூடாது. தாயின் சம்மதமில்லாமல் படம் எடுத்து முகநூலில் போடக்கூடாது. கூடும் இடத்தில் கதவு பூட்டக்கூடிய கழிவறை இருக்கவேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, இது இல்லாததால்தான் பாதிப் பிள்ளைகள் இரண்டாம் நாள் வருவதில்லை. சிறுவருக்கான 1929, பெண்களுக்கான 1938 ஆகிய இலக்கங்களைச் சுவரில் எழுதிவையுங்கள்.

வீட்டுக்குள் வைத்திருந்தால் பத்திரம் என்று நம்புகிற தாய்மாருக்கு ஒன்று நினைவூட்டவேண்டும். 2021 ஜூலையில், டயகமவிலிருந்து கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் உயிர்விட்டாள். மலையகமே தெருவுக்கு வந்து அழுதது. பொதுக்காரியத்துக்கு ஒரு மைல் அனுப்பத் தயங்கும் நாம், முகம் தெரியாத வீட்டுக்கு நூறு மைல் அனுப்பினோம். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையான மாதங்களில்தான் புரோக்கர் வாசலுக்கு வருவான். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது இன்று சட்டப்படி குற்றம். ஆனால் சட்டம் லயத்துக்குள் தானாக நடந்து வராது. பத்துப் பிள்ளைகள் ஒன்றாகக் கூடுகிற தோட்டத்தில் ஒருத்தி காணாமல் போனால் மற்ற ஒன்பது பேரும் "அவ எங்க?" என்று கேட்பார்கள். கேட்கிற வாய்கள் இருக்கும் இடத்தில் புரோக்கர் காலெடுத்து வைக்க யோசிப்பான்.

பெண்பிள்ளைகள் கூடி வேலை செய்வது நம் மண்ணுக்குப் புதிது என்று யாரும் சொல்லவேண்டாம். இலங்கையின் பெண் சாரணியர் இயக்கம் 1917 மார்ச்சில் தொடங்கியது கண்டியில். நூறு வருடம் கடந்தும் அது நம் தோட்டப் பாடசாலைகள் பலவற்றுக்கு ஏறி வரவில்லை. சீருடை வாங்கக் காசில்லை என்பார்கள். சீருடை இல்லாமல் தொடங்குங்கள். 1931 இல் கோ. நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தபோது, அவர் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டங்களில் பாடிச் சனத்தைத் திரட்டினார். அதற்குப் பிறகு மலையகப் பெண் பாராளுமன்றம் போக 2024 நவம்பர் வரை காத்திருந்தோம். நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தெரிவானார்கள். சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். மேடையில் அவர்களுக்கு நாற்காலி கிடைக்க ஏன் இத்தனை காலம் என்று நாம் வெட்கப்படவேண்டும். பதினாலு வயதில் கூட்டத்தில் எழுந்து ஒரு கணக்கு வாசிக்கப் பழகாதவளை நாற்பது வயதில் திடீரென்று தலைமை தாங்கு என்றால் எப்படித் தாங்குவாள்?

தங்கச்சிமாரே, படிப்பைக் கெடுத்துக்கொண்டு எதையும் செய்யாதீர்கள். பரீட்சை மாதத்தில் ஓய்வெடுங்கள். யாராவது உங்களை ஏவல் வேலைக்குப் பயன்படுத்துவதாகத் தோன்றினால், "இது எங்கட வேலை இல்லை" என்று மரியாதையாகச் சொல்லி எழுந்து வாருங்கள். எடுத்த வேலையை மட்டும் பாதியில் விடாதீர்கள். மழை அளக்கும் கொப்பியில் ஒரு நாள் விடுபட்டால் அந்த நாளைத் திரும்ப எழுதமுடியாது.

தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் கடமை உண்டு. 2018 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பிரதேச சபை தோட்டத்துக்குள்ளும் செலவழிக்கலாம். லயத்திலிருந்து முன்பள்ளி வரை நாலு விளக்குப் போடுவதற்கு இனி சாக்குச் சொல்ல இடமில்லை. துரைமாரே, ஞாயிற்றுக்கிழமை பூட்டிக்கிடக்கும் பிள்ளைக் காம்பராவின் சாவியை அரை நாளைக்குக் கொடுங்கள். சங்கத் தலைவர்மாரே, மாதக் கூட்டத்தில் அந்தப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, அவர்கள் கொப்பியை வாசிக்கக் கேளுங்கள்.

பெரிய தொடக்க விழா வேண்டாம், பேனர் வேண்டாம். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு உங்கள் டிவிசன் முன்பள்ளியில் ஐந்து பிள்ளைகளும் இரண்டு அம்மாமாரும் கூடினால் போதும். ஒரு கொப்பி, ஒரு போத்தல், ஒரு அடிமட்டம். அப்பாமாரே, மகளை நீங்களே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வாருங்கள். அம்மாமாரே, அன்றைக்குத் தண்ணீர்க் குடத்தை மகனிடம் கொடுங்கள்.