கடைமடைக்காரனின் வழக்கு

தலைமடையில் நிலம் வைத்திருப்பவனுக்குச் சட்டம் தேவையில்லை, மண்வெட்டி போதும். பஞ்சாயத்தைத் தேடிப் போகிறவன் கடைமடைக்காரன். காவிரிக்கோ தஞ்சை, திருவாரூர், நாகை மூன்றுமே கடைமடைதான். 1983இல் டெல்டா விவசாயிகள் உச்ச நீதிமன்றம் போனதும், 1990இல் நடுவர் மன்றம் அமைந்ததும் அதனால்தான்.

கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி விட வேண்டும் என்று 1991 ஜூனில் அந்த மன்றம் இடைக்கால ஆணையிட்டது. அடுத்த மாதமே அங்கிருந்த பங்காரப்பா அரசு அதை முடக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகிறது கர்நாடகம் என்று நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. டிசம்பரில் ஆணை அரசிதழில் ஏறியதும் பெங்களூரில் கலவரம். ஆணையிட்டவர்கள் மூன்று நீதிபதிகள். அடிபட்டவர்கள் பிழைக்கப் போன தமிழர்கள். மேடையில் தீர்ப்பைத் தூற்றுகிறவரின் வார்த்தை நீதிபதியின் வீட்டுக்குப் போவதில்லை. காவல் இல்லாத வீட்டுக்குத்தான் போகும்.

2002இல் கர்நாடகத்தின் எஸ்.எம்.கிருஷ்ணா அரசு தண்ணீரை நிறுத்தியபோதும், 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்தபோதும் அதே கதை.

இதை அண்டை மாநிலத்தின் குணமாகச் சொல்லிக்கொள்வது நமக்குச் சுகமாக இருக்கிறது. ஆனால் இங்கே, 2018இல் திருமயம் அருகே ஊர்வலத் தகராறில் பாஜகவின் எச்.ராஜா உயர் நீதிமன்றத்தை இழிவாகப் பேசினார். பிறகு நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டார். 2020இல் திமுகவின் ஆர்.எஸ்.பாரதி, பட்டியல் சமூகத்தவர் நீதிபதியானதைத் தன் இயக்கம் போட்ட பிச்சை என்ற பொருளில் பேசிக் கைதானார். கட்சிகள் எதிரெதிர்; நாக்கு ஒன்றுதான். கைதட்டலும் ஒன்றுதான், அதுவே எனக்கு அதிக வருத்தம்.

தீர்ப்பை விமர்சிக்கக் கூடாதென்று யார் சொன்னது? காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பு, டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நம் பங்கைக் குறைத்தது. கடலோரத்தில் உப்புத் தண்ணீர் இறைக்கும் வேதாரண்யத்துக்காரர் அந்தக் கணக்கோடு சண்டை போடலாம், போடவும் வேண்டும். அது காரணத்தோடு மோதுவது. நீதிபதியின் சாதியையும் ஊரையும் இழுப்பது வேறு. அங்கே பதில் சொல்ல ஒன்றுமில்லை, கல்லெறியத்தான் இடமிருக்கிறது.

கிருஷ்ணராஜசாகர் அணையின் சாவி எந்த நீதிபதியின் இடுப்பிலும் இல்லை. அவரிடம் படையும் இல்லை. தோற்றவர் முணுமுணுத்துக்கொண்டாவது பணிவார் என்ற வழக்கம்தான் அந்த மதகைத் தூக்குகிறது. அந்த வழக்கம் போனால் மேட்டில் இருப்பவருக்கு நட்டமில்லை; அவரிடம் அணை இருக்கிறது. பள்ளத்தில் இருப்பவரிடம் தீர்ப்பு நகல் மட்டுமே இருக்கிறது.

இதை டெல்டாவுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. நடுவர் மன்றம் இறுதியாகத் தந்த 192 டிஎம்சியை 177.25 ஆக்கிய அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற மத்திய அரசுக்குக் கிடைத்த ஆறு வாரம் வீணாய்க் கழிந்தது. ஏப்ரலில் தமிழகமே மறியலில் இறங்கியது. சாலையில் உட்கார்ந்த விவசாயி கேட்டது, தன் பங்கைக் குறைத்த அதே தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லித்தான். ஜூன் 1ஆம் தேதி காவிரி மேலாண்மை ஆணையம் வந்தது.