நேர்ச்சையும் நிறுத்த விலையும்

மனம் கலங்கும் வேளையில் எடுக்க வேண்டிய முடிவை அது தெளிந்திருக்கும்போதே எடுத்துத் தன்னைக் கட்டிக்கொள்ளும் மனிதனை அக்கட்டு எதுவரை தாங்கும் என்னும் கேள்வி நாஞ்சில் நாட்டுக்குப் புதியதன்று. மண்டைக்காட்டு பகவதிக்கும் கோட்டாறு சவேரியாருக்கும் தக்கலைப் பீர்முகமது அப்பாவுக்கும் நேர்ச்சை நேர்ந்துகொள்ளும் குமரி மாவட்டத்தார், இன்னது நடந்தால் இன்னது செய்வோம் என்று நிகழ்வுக்கு முன்பே சொல் கொடுத்துவிடுகின்றனர். தேசியப் பங்குச் சந்தை 1994இல் திரைவழி வணிகத்தைத் தொடங்கி, இன்று நாகர்கோவிலில் வீட்டிலிருந்தபடியே கைபேசியில் பங்கு விற்கும் நிலை வந்தபின், அக்கேள்வி வேறோர் உருவில் எழுந்துள்ளது.

200 ரூபாயில் நிற்கும் பங்கை 230க்குக் குறைத்து விற்க வேண்டாம் என இடப்படும் லிமிட் ஆர்டர், அதாவது வரம்பு விலை ஆணை, ஆசைக்கு முன்கூட்டியே வகுத்த எல்லை. அது விலைக்கு உறுதி தருமேயன்றி, பங்கு விற்கும் என்பதற்கு உறுதி தராது. 180க்கு இறங்கினால் விற்றுவிடுக என்னும் ஸ்டாப் லாஸ் ஆணை இழப்புக்கு வகுத்த எல்லை. ஆணையை எழுப்பும் அந்த 180 டிரிகர் விலை எனப்படும். எழுந்தபின் கிடைத்த விலைக்கு விற்கச் சொல்லியிருந்தால், வாங்குவோர் உள்ளவரை பங்கு கைமாறும், ஆனால் என்ன விலைக்கு என்பது தெரியாது. 178க்குக் கீழே விற்காதே என்று உள்வரம்பும் சேர்த்திருந்தாலோ, இரவில் வந்த கெட்ட செய்தியால் காலை 9.15க்குப் பங்கு 165இல் திறக்கும்போது, ஆணை எழுந்தும் விற்பனை நடவாமல் 178இல் காத்துக் கிடக்கும். 2020 மார்ச் 23 அன்று குறியீடுகள் 10 விழுக்காடு சரிந்து வணிகமே 45 நிமிடம் நிறுத்தப்பட்டபோது, எந்த ஆணையாலும் எவரையும் வெளியேற்ற இயலவில்லை.

எனவே இவ்வாணைகள் கட்டுவது உலகத்தையன்று, இடுபவனின் விருப்பத்தை மட்டுமே. நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒத்த நோக்கில் ஏற்கும் நிலையைச் சைவ சித்தாந்தம் இருவினையொப்பு என்கிறது. அது செயலற்றிருத்தல் அன்று. செய்வதைச் செய்து, வருவதில் விருப்பு வெறுப்பு ஒழிதல். இலாபம் நாடி இடப்படும் ஆணை அந்நிலையை எட்டிவிடாது என்பது வெளிப்படை. ஆயினும் 230க்கும் 180க்கும் ஒருங்கே உடன்பட்டு எழுந்து செல்பவன் அதன் முதற்பாடத்தையேனும் பயில்கிறான்.

இடர் வருவது, பங்கு 182ஐத் தொடும்போது அவன் திரும்பி வந்து 180ஐ 170ஆக்கி, பின்னர் 160ஆக்கும் இடத்தில்தான். நேர்ச்சைக்குத் தெய்வமும் குடும்பமும் சாட்சி. ஆணைக்குச் சாட்சி இல்லை, நீக்கும் பொத்தானோ அருகிலேயே இருக்கிறது. எல்லையை மாற்றுவதெல்லாம் சொல் தவறுதல் என்று கூறுவதும் பொருந்தாது. நிறுவனத்தின் கடனோ வருவாயோ மாறியதை அறிந்து மாற்றுபவன் தன் அறிவுக்குக் கட்டுப்படுகிறான். விலை இறங்கியது என்பதைத் தவிர வேறு காரணம் காட்ட இயலாதவனே, காலையில் தனக்குத் தானே கொடுத்த சொல்லை மீறியவன்.