கால் பங்கும் அரைப் பங்கும்



"இளைஞர் ஜினாலயத்தின் பக்கம் வருவதில்லை, கோடை விடுமுறையில் சிறுவர்க்குச் சமய பாடம் சொல்ல ஆளில்லை" என்னும் குறை நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பகுதிச் சிற்றூர்களில் பிறந்த நம் பிள்ளைகள் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் பணி புரிகின்றனர். அவர்களை ஓரிடத்தில் அமர்த்திப் பாடம் சொல்வது அரிது. ஆகவே, சிறுவர்க்கு அறம் கற்பிக்கும் இளைஞரை உருவாக்க, இணையவழியே குறுகிய பயிற்சி வகுப்பு ஒன்றை அமைக்கலாம் என்னும் எண்ணம் தோன்றுவது இயல்பே.

எண்ணம் நன்று. ஆனால் எவ்வாறு அமைப்பது? அறிஞர் ஒருவரை அழைத்து ஒன்றரை மணி நேரம் பேசச் செய்து, நன்றி கூறிக் கலைந்தால், கேட்டவர் கேட்டவராகவே நிற்பர், ஆசிரியராக மாட்டார்.

இதற்குரிய வழியைப் பவணந்தி முனிவர் நமக்கு முன்னரே காட்டியுள்ளார். ஆசிரியர் சொன்னதைச் செவ்வனே உளங்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது கால் பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கு, தான் பிறர்க்கு விரித்துரைக்கும்போதே நிறையும் என்பது நன்னூற் பாயிரம் உணர்த்தும் கருத்து. தத்துவார்த்த சூத்திரத்தின் 9-ஆம் அத்தியாயமும் சுவாத்தியாயத்தை ஓதுதல், வினவுதல், சிந்தித்தல், பிழையற மீள ஓதுதல், அறவுரை கூறுதல் என ஐவகைப்படுத்துகின்றது. தொடக்கம் ஓதுதல், முடிவு பிறர்க்கு உரைத்தல்.

இக்கணக்கின்படியே வகுப்பை நான்கு வாரங்களுக்கு வகுக்கலாம். பொருள் ஐந்து அணுவிரதங்கள் மட்டும் போதும். முதல் வாரம் ஆசிரியர் உரை. ஒவ்வொரு நாளும் அரை மணிக்கு மேல் வேண்டா. இரண்டாம் வாரம் இளைஞர் நால்வர் ஐவராகக் கூடித் தமக்குள் வினவி ஆராயட்டும். மூன்றாம், நான்காம் வாரங்களில் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் அணுவிரதத்தைத் தம் ஊர்ச் சிறுவர் இருவர்க்குத் தொலைபேசித் திரையின் வழியே கற்பிக்கட்டும். அச்சிறுவர் அதனைத் தம் சொல்லால் திருப்பிக் கூறுவதே தேர்வு. அவ்விளைஞர் கோடையில் ஊருக்கு வருங்கால், ஜினாலய மண்டபத்தில் அவருக்காகக் காத்திருக்கும் மாணாக்கர் இருவர் இருப்பர். சான்றிதழ் இழுக்காத இடத்துக்கு அப்பிள்ளைகளின் அன்பு இழுத்து வரும்.

வினவும் வாரத்தில் பெரியோர் பொறுமை காத்தல் வேண்டும். இரவுப் பணிக்குச் செல்லும் இளைஞன், "இரவு உணவை யான் எவ்வாறு விலக்குவேன்?" என்று கேட்பான். சினந்தால் அன்றோடு அவன் வரவு நிற்கும். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்று ஸ்திதிகரணம். தளர்ந்தவனை நிலைநிறுத்துவதே அது, தள்ளுவதன்று. துறவிக்கு மகாவிரதமும் இல்லறத்தார்க்கு அணுவிரதமும் என ஆற்றல் நோக்கி வகுத்த அறம் நம்முடையது. முற்றும் இயலாதவனுக்கு, விடுமுறை நாளிலேனும் தொடங்கும் வழியைக் காட்டுங்கள். சிறிதாய்த் தொடங்கியது பெரிதாய் வளரும்.

பெருமக்களே! மூத்தோர் நாவில் உள்ளது இளையோர் நாவுக்கு மாறாவிடில், கோயில் கோபுரம் நிற்கும். அதன் பொருள் சொல்ல ஒருவரும் இரார். எனவே இன்றே உங்கள் இல்லத்தில் தொடங்குங்கள். மகனிடமோ மகளிடமோ, "வகுப்பில் சேர்" என்று ஏவாதீர்கள். "கொல்லாமை என்றால் என்ன? எனக்கு விளக்கிச் சொல்" என்று கேட்டு, எதிரே மாணாக்கராய் அமருங்கள். அவர்கள் தடுமாறினால் திருத்த விரையாதீர்கள். அந்த அரைப் பங்கு நிறைவதற்கு நாம் விட்டுக்கொடுக்க வேண்டியது ஆசிரியர் இருக்கை ஒன்றே.

அறம் வளர்க!